தாத்தா சொன்னதும் துரை எழுதியதும்

கல்வராயன் மலையில் சில ஊர்களில் கைபேசிக்கு சிக்னல் வேண்டுமென்றால் ஒரு பாறையைத் தேடிப் போக வேண்டும். வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்தச் சிற்றூரிலும் அப்படி ஒரு பாறை உண்டு. பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'டவர் பாறை'. பரீட்சை ரிசல்ட் பார்ப்பது அங்கேதான். கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன வீட்டுக்காரரிடம் பெண்கள் பேசுவதும் அங்கேதான்.

ஒரு மார்கழி மாலை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்தப் பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி வரலாறு படிப்பவள். விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவள் கைபேசியில் இறங்கிக்கொண்டிருந்தது சினிமாவோ பாட்டோ இல்லை. நூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு கனமான இங்கிலீஷ் புத்தகம். தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர். டபிள்யூ. பிரான்சிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி தொகுத்தது. அச்சான வருடம் 1906.

இறங்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கை விறைத்துப் போனது. ஆனாலும் அவளுக்கு அது தேவைப்பட்டது. அப்பாவின் காட்டுக்காக.

அப்பா பயிர் செய்யும் நிலம் இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கீழ்ப்பக்கம் மரவள்ளி. மேலே சரிவில் மாடு பூட்டி உழ முடியாது, மண்வெட்டியால் கொத்தித்தான் சாமை விதைக்க வேண்டும். தாத்தாவும் அவருடைய அப்பாவும் கொத்திய நிலம். ஆனால் காகிதப்படி அது காடு. வன உரிமைச் சட்டப்படி அப்பா மனு கொடுத்திருந்தார். "ஆதாரம் பத்தாது, இன்னும் கொண்டு வா" என்று ஓர் அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா மலை ஏறி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "கொத்துற கையப் பாத்தா தெரியாதா இவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

காகிதம் இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. கல்வராயன் மலையின் பெரும் பகுதி நீண்ட காலம் ஜாகீர்களாக இருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்கள். பிரிட்டிஷ்காரர்கள் அவற்றை அப்படியே விட்டுவைத்தார்கள். 1947-ல் நாடு விடுதலை அடைந்த பிறகும் மலையில் ஜாகீர் நீடித்தது. அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது 1976-ல்தான். கீழே சமவெளியில் சிட்டா, அடங்கல், பட்டா என்று புழங்கிய காலத்தில், மேலே குடிகளிடம் அந்தக் காகிதங்கள் இல்லை.

"அப்பல்லாம் சீட்டு ஏது? சொல்லுதான்" என்பார் தாத்தா. எழுபத்தைந்தைத் தாண்டியவர். ஜாகீர் போன வருடம் அவருக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளை. "இந்தப் பலாவுலேருந்து அந்த ஓடை வரைக்கும் உனக்குன்னு பெரியவங்க சொன்னா, அதுதான் பத்திரம். அத மீறி ஒருத்தனும் மம்பட்டி வெச்சதில்ல."

அந்தச் சொல்லை யாரிடம் கொண்டு போய்க் காட்டுவது?

வழி சொன்னவர் ஊர்க் கூட்டத்துக்கு வந்த ஒரு வழக்கறிஞர். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. அதன் விதிகள் 2008-ல் வந்தன. அதில் 13-ஆம் விதியைப் படியுங்கள் என்றார். என்னென்ன ஆதாரங்களைக் காட்டலாம் என்று ஒரு பட்டியலே அதில் இருக்கிறது. கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை அறிக்கை, வரைபடம், வனத்துறையின் பழைய ஆவணங்கள் என்று அது போகிறது. வீடு, குடிசை, நிலத்தைத் திருத்திக் கட்டிய கரை, பழைய சமாதி, புனித இடம் போன்ற கண்ணால் பார்க்கும் அடையாளங்களும் ஆதாரம்தான். ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கெசட்டியர் என்ற சொல் அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது அப்போதுதான். வரலாறு படிப்பவளுக்கு அது தெரியும். தன் அப்பாவுக்கு அது உதவும் என்றுதான் தெரியாது.

வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்தைப் பற்றியும் அதிகாரிகள் தடித்தடியாக எழுதி வைத்தார்கள். மழை எவ்வளவு, வரி எவ்வளவு, எந்தச் சாதி எங்கே இருக்கிறது, யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். தென்னார்க்காட்டுக்கு கார்ஸ்டின் எழுதிய கையேடு 1878-ல் வந்தது. மலையின் அடுத்த பக்கம் சேலம் மாவட்டம். அதற்கு லெ ஃபானு எழுதிய கையேடு இரண்டு பாகமாக 1883-ல் வந்தது. பிறகு பிரான்சிஸ். 1909-ல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி என்பவரின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். முன்பெல்லாம் இவற்றைப் பார்க்க வேண்டுமானால் சென்னை எழும்பூரில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கோ பெரிய நூலகத்துக்கோ போக வேண்டும். இப்போது டவர் பாறைக்குப் போனால் போதும்.

அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும், அடுப்போரம் உட்கார்ந்து அவள் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாள். இங்கிலீஷில் ஒரு வரி படிப்பாள். அதைத் தமிழில் சொல்வாள். அப்பா கயிற்றுக்கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அம்மா புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"காஞ்சிபுரத்துலேருந்து வந்தவங்கன்னு எழுதியிருக்கு தாத்தா. வரும்போது கரியராமரை எடுத்துக்கிட்டு வந்தாங்களாம்."

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கல்வராயன் மலையில கல்யாணத்துல தாலி கட்டறதுக்கு முன்னாடி பூசாரி ஒரு பாட்டு சொல்லுவாராம். அதுல காஞ்சியும் கரியராமரும் வருமாம். அதையும் எழுதியிருக்காங்க."

"அட! அதக்கூடவா?" பெரியவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. "அப்ப யாரோ நம்ம கல்யாணத்துல உக்காந்து கேட்டிருக்கான். இல்லேன்னா கேட்டவன்கிட்ட விசாரிச்சிருக்கான்."

மூன்று அண்ணன் தம்பிகள் கதையும் வந்தது. காஞ்சியை விட்டு வந்த மூவரும் ஆளுக்கொரு மலையில் குடியேறிய கதை. அதை தாத்தா அவளுக்கு முன்னாலேயே சொல்லி முடித்தார். சேர்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் இதே கதையை வேறு வேறு மாதிரி சொல்வார்கள் என்றும் சொன்னார். அதுவும் புத்தகத்தோடு ஒத்துப்போனது.

எல்லாரும் சந்தோஷமாகப் படுக்கப் போனார்கள். அவளுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. ஏனென்றால், தர்ஸ்டனின் புத்தகத்தில் இருந்த ஒரு விஷயத்தை அவள் படிக்காமல் தாண்டியிருந்தாள்.

மலையாளிகள் என்ற இந்த மக்கள் ஆதியிலிருந்தே மலையில் இருந்த பழங்குடி இல்லை, கீழேயிருந்து பிற்காலத்தில் ஏறி வந்த தமிழ்க் குடிகள் என்பதுதான் அந்த விஷயம்.

அவளுக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தப் புத்தகத்தை ஆதாரமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? கொடுக்கும் இடத்தில் ஒருவர் அந்தப் பக்கத்தையும் புரட்டினால்? "நீங்களே கீழேயிருந்து வந்தவங்கதானே, அப்புறம் என்ன பழங்குடி?" என்று கேட்டுவிட்டால்? அப்பாவின் காடு மட்டுமா, தன் சாதிச் சான்றிதழும் படிப்பும் உதவித்தொகையும் அதோடு போய்விடுமோ?

ஏற்கெனவே அவள் பெயர் படும் பாடு அவளுக்குத்தான் தெரியும். இனத்தின் பெயர் 'மலையாளி'. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதுதான் அர்த்தம். கேரளாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே, "மலையாளியா? எங்கே, மலையாளத்துல ரெண்டு வார்த்தை பேசு" என்றார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த நாட்களில் கல்வராயன் மலை என்றாலே சாராய மலை என்று ஆகிவிட்டது. விடுதியில் ஒருத்தி விளையாட்டாக, "உங்க ஊர்லேருந்து பாட்டில் ஏதும் கொண்டுவந்தியா?" என்று கேட்டாள். அதற்கு அவள் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்து, இந்த மலை மக்களுக்கு ரோடும் பள்ளியும் மருத்துவமனையும் ஏன் சரியாகக் கிடைக்கவில்லை என்று கேட்டது. அந்தச் செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். சாராயச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்?

நம்மைப் பற்றி யாரோ எழுதுகிறார்கள். அதை வைத்துத்தான் நம்மை மற்றவர்கள் பார்க்கிறார்கள். துரை காலத்திலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். அன்று இரவு அவள் மனதில் ஓடியது இதுதான்.

இது கல்வராயன் மலையில் மட்டும் நடக்கிற கதையும் இல்லை. அமெரிக்காவின் தென்மேற்கில் அப்பாச்சி என்ற பழங்குடியினர் உண்டு. 1850-களில் நியூ மெக்சிகோவில் அவர்களுக்கென்று அமெரிக்க அரசாங்கம் ஒரு ஏஜென்ட்டை நியமித்தது. மைக்கேல் ஸ்டெக் என்று பெயர். டாக்டருக்குப் படித்தவர். தானியம் கொடுப்பது, விதை கொடுத்துப் பயிர் செய்யச் சொல்வது, மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவது இதெல்லாம் அவர் வேலை. அந்த மக்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் நின்றவர். பின்னர் அந்தப் பகுதி முழுவதற்கும் மேற்பார்வையாளர் ஆனார்.

1863-ல் ராணுவத் தளபதி கார்ல்டன் மெஸ்கலேரோ அப்பாச்சிகளையும் நவஹோ மக்களையும் பிடித்து, போஸ்க் ரெடோண்டோ என்ற இடத்தில் ஒன்றாக அடைத்து வைக்கும் வேலையைத் தொடங்கினார். அத்தனை பேருக்கு அந்த இடம் சோறு போடாது, நவஹோக்களை அவர்கள் மண்ணிலேயே குடியமர்த்த வேண்டும் என்று ஸ்டெக் வாதாடினார். தளபதி கேட்கவில்லை. ஸ்டெக் 1865-ல் பதவியை விட்டார். அதே வருடம் நவம்பரில் மெஸ்கலேரோக்கள் ஒரே இரவில் அங்கிருந்து கிளம்பி மலைக்குப் போய்விட்டார்கள். நவஹோக்கள் ஊர் திரும்ப 1868 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸ்டெக்கின் கடிதங்களும் கணக்குகளும் இன்று நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1946-ல் அமெரிக்க அரசாங்கம், பழங்குடிகள் இழந்த நிலத்துக்கு நஷ்ட ஈடு கேட்க ஓர் ஆணையம் அமைத்தது. அப்போது பழங்குடிகளின் வழக்கறிஞர்கள் எதைத் தேடினார்கள் தெரியுமா? தங்கள் முன்னோரை ஆண்ட ஏஜென்ட்டுகளும் ராணுவ அதிகாரிகளும் எழுதி வைத்த அறிக்கைகளை! இந்த இடத்தில் இந்த வருடம் இவர்கள் இருந்தார்கள் என்று அரசாங்கமே எழுதியிருந்தால், அரசாங்கம் அதை மறுப்பது கஷ்டம். எதிர்த் தரப்பும் அதே காகிதங்களைப் புரட்டியது. கத்தி ஒன்றுதான், பிடிக்கிற கை வேறு.

இங்கேயும் அந்தக் கத்திதான் அவள் கைபேசிக்குள் இருந்தது.

மறுநாள் காலை, கறவை மாட்டை அவிழ்த்துவிட்டு வந்த தாத்தாவிடம் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நேத்து ஒண்ணு மறைச்சிட்டேன் தாத்தா. நாம பழங்குடியே இல்லன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. கீழேயிருந்து வந்தவங்கன்னு."

தாத்தா கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் சிரித்தார்.

"அவன் என்னா பண்ணுவான் பாப்பா? நம்ம ஆளுங்க சொன்னததானே எழுதுவான்."

"அப்ப நாம ஏன் அப்படிச் சொன்னோம்?"

பெரியவர் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "தொப்பி போட்டுக்கிட்டு குதிரையில வரான். கூட டவாலி. வந்து, நீ யாருடான்னு கேக்கறான். மலையில இருக்கறவன் காட்டாளுன்னு நெனச்சிக்கிட்டு வந்தவன். அவன்கிட்ட, நாங்களும் காஞ்சியில குடியிருந்து சாமியத் தூக்கிக்கிட்டு வந்தவங்கதான், எங்களுக்கும் ஒரு ஊரு, ஒரு சாமி, ஒரு வம்சம் உண்டுன்னு சொல்லியிருப்பாங்க. அது மானத்துக்குச் சொன்னது. பொய்யில்ல. ஆனா முழுசும் இல்ல. வந்த கத மட்டும்தானே சொல்லியிருக்காங்க? வந்தப்புறம் இங்க பொழச்ச கதைய அவன் கேட்டானா? எந்தக் கெழங்க எத்தன தண்ணியில அவிச்சா கசப்பு போகும், எந்த மாசம் கடுக்கா பொறுக்கணும், எந்தக் காட்ட எத்தன வருசம் ஆறப்போடணும், இதெல்லாம் காஞ்சியிலேருந்தா எடுத்துக்கிட்டு வந்தோம்? இந்த மல சொல்லிக் குடுத்தது."

கேட்க வருபவர் யார் என்பதைப் பொறுத்துத்தானே பதில் அமைகிறது? தர்ஸ்டனே ஒரு வேடிக்கையை எழுதி வைத்திருக்கிறார். ஆட்களை நிற்க வைத்துத் தலை, மூக்கு என்று அளவெடுப்பது அவர் வழக்கம். வயநாட்டுக்குப் போனபோது பணியர் இனப் பெண்கள் அவரைக் கண்டு ஓட்டம் பிடித்தார்களாம். தங்களில் நல்லவர்களாகப் பார்த்துப் பிடித்து, பாடம் பண்ணி, சென்னை மியூசியத்தில் நிறுத்தி வைக்கப் போகிறார் என்று பயம். அவருக்கு அது சிரிப்பு. ஓடியவர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. அப்படிப் பயத்தோடு நிற்பவர்கள் வாயிலிருந்து எவ்வளவு வரும்?

அவள் பயத்துக்கு அந்த வழக்கறிஞரிடமும் பதில் இருந்தது. பாறையில் நின்று போன் போட்டுக் கேட்டாள்.

பழங்குடியா இல்லையா என்பதைத் தர்ஸ்டன் புத்தகம் முடிவு செய்யாது, அரசியல் சட்டத்தின்படி வெளியிடப்பட்ட பட்டியல்தான் முடிவு செய்யும் என்றார் அவர். தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு இருக்கிறது. பட்டியலில் இருப்பதை இருக்கிறபடியே படிக்க வேண்டும், விசாரணை வைத்துக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் சொல்லிவிட்டது. இவர்கள் மலை தென்னார்க்காட்டில் இருந்தது. 1993-ல் விழுப்புரம் மாவட்டமானது. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டமானது. மலை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. பட்டியலில் இன்றும் அந்தப் பழைய பெயர்தான். அது போதும்.

பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் சொன்னார். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையிலும் மலையாளிகள் இருக்கிறார்கள். அந்தப் பகுதி முன்பு கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பட்டியலில் கோயம்புத்தூர் இல்லை. அதனால் பழங்குடிச் சான்றிதழுக்காக அவர்கள் பல காலமாகப் போராடி வருகிறார்கள். ஒரு காகிதத்தில் ஒரு மாவட்டத்தின் பெயர் இல்லாமல் போனதற்கு எத்தனை பிள்ளைகளின் படிப்பு விலை!

"காட்டுக்கும் அப்படித்தான்மா" என்றார். "பழங்குடிகள் 2005 டிசம்பர் 13-க்கு முன்னாடியிருந்தே அந்த நிலத்துல இருந்திருக்கணும். அதத்தான் சட்டம் கேக்குது. காஞ்சியிலேருந்து பத்துத் தலைமுறைக்கு முன்னாடி வந்தா என்ன, இருபது தலைமுறைக்கு முன்னாடி வந்தா என்ன? 1906-லேயே இந்த மலையில இருந்தாங்கன்னு அரசாங்கமே எழுதியிருக்கு. அத தைரியமா வெச்சுக் குடு."

போனை வைக்கும் முன் அவர் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. "13-ஆம் விதியைக் கடைசி வரைக்கும் படிச்சியா?"

அவள் படித்திருக்கவில்லை. கெசட்டியர் என்ற சொல்லைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

அந்தப் பட்டியலின் கீழே இன்னொன்று இருக்கிறது. மனு போட்டவரைத் தவிர, ஊரில் வேறு மூத்தவர்கள் சொல்லும் வாக்குமூலம். அதை எழுத்தில் பதிந்தால் அதுவும் ஆதாரம். பிரான்சிஸ் துரையின் கெசட்டியரும், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவரின் சொல்லும் ஒரே விதியில், ஒரே பட்டியலில் இருக்கின்றன.

தாத்தா சொல்வாரே, சொல்லுதான் பத்திரம் என்று. அதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது!

கிடைத்ததெல்லாம் சுலபமாகக் கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். சட்டம் வந்த பிறகும் தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பல வருடம் உரிமைப் பத்திரம் கொடுப்பது தடைபட்டுக் கிடந்தது. 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. கிராம சபை கூட வேண்டும். வன உரிமைக் குழு நேரில் வந்து நிலத்தைப் பார்க்க வேண்டும். பிறகு கோட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் குழுக்கள் பார்க்க வேண்டும். பத்திரம் வந்தால் பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் யாருக்கும் விற்க முடியாது. கல்யாணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்ந்துதான் வரும். இதை அவள் சொன்னபோது, புளிக்கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, "எம் பேருமா?" என்று கேட்டாள். இத்தனை வருடமாக அந்தச் சரிவில் களை எடுத்த அம்மாவின் பெயர் ரேஷன் கார்டுக்கு வெளியே எந்தக் காகிதத்திலும் இருந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். தாத்தாவின் பால்ய சிநேகிதர். அவர் மகனும் மனு போட்டிருக்கிறார். இவருக்காக அவர் சொல்ல வேண்டும், அவருக்காக இவர் சொல்ல வேண்டும். இரண்டு கிழவர்களும் வேட்டியை மாற்றிக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போவது போல் உட்கார்ந்தார்கள்.

அவள் கோடு போட்ட நோட்டை எடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்பாவின் காட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். எந்தப் பக்கம் ஓடை, எந்தப் பக்கம் பாறை, யாருடைய காலத்தில் கல் பொறுக்கிக் கரை கட்டினார்கள், எந்த வருடம் பெருமழையில் அந்தக் கரை உடைந்தது, யார் யார் கூடி அதைத் திரும்பக் கட்டினார்கள் என்று எல்லாம் சொன்னார். வருடம் தெரியாத இடத்தில், "இவ அப்பன் நடக்கப் பழகின வருசம்" என்றார். அதையும் அப்படியே எழுதி, அருகில் வருடத்தைக் கணக்குப் போட்டு எழுதினாள். நோட்டில் நாலு பக்கம் வந்தது. பிறகு தாத்தாவின் முறை. அவர் நண்பரின் காட்டைப் பற்றி மூன்று பக்கம் சொன்னார்.

எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனவள், என்ன நினைத்தாளோ, "இருங்க, படிச்சிக் காட்டறேன். சரியான்னு பாருங்க" என்றாள்.

இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். நடுநடுவே தலையாட்டினார்கள். ஒரு இடத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கையைத் தூக்கினார்.

"மேக்கால பலாமரம்னா எழுதியிருக்க? நான் கடுக்கா மரம்னு இல்ல சொன்னேன்? பலா கெழக்கால."

"ஆமா, ஆமா. பலா கெழக்கால" என்றார் தாத்தா.

அவள் அந்தச் சொல்லை அடித்துவிட்டுத் திருத்தினாள்.

நூறு வருடத்துக்கு முன்பு காஞ்சியையும் கரியராமரையும் பற்றிச் சொன்ன முன்னோர்கள் யாரோ, அவர்கள் பெயர் அந்தப் புத்தகங்களில் இல்லை. அவர்கள் சொன்னது இங்கிலீஷில் அச்சாகி, தோல் அட்டை போட்டு, கப்பலேறிக்கூடப் போனது. 'மேற்கே பலா இல்லை, கடுக்காய்' என்று கையைத் தூக்கித் திருத்தும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. இந்த நோட்டுக்கு அந்தக் குறை இல்லை.

வாக்குமூலத்தின் கீழே இருவர் பெயரையும் எழுதினாள். தாத்தா கட்டைவிரலை மையில் தோய்த்தார். வைக்கும் முன் ஒரு கணம் நின்று, "பாப்பா, கடுக்கா மரம் சரியா இருக்கில்ல?" என்று கேட்டார்.

"இருக்கு தாத்தா."

விரலை அழுத்தி வைத்தார். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்து அந்த ரேகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார். சரிவில் கொத்த வேண்டிய இடம் இன்னும் பாக்கி இருந்தது.